வெண்முரசு: எந்தக் கதவு வழியாக உள்ளே போவது?



நம் படிப்பு வட்டத்தில் மகாபாரதப் பாடம் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, ஜெயமோகனோட வெண்முரசு படிக்கணும்னு ஆசை. ஆனா 26 புத்தகமாமே! எதுல ஆரம்பிக்கிறது?"

கேட்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததோடு தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள். அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். வீட்டில் பேசுவது தமிழ், கோயிலில் கேட்பது தமிழ், ஆனால் கண்ணால் படிப்பது கைப்பேசியில் வருகிற நாலு வரி மட்டும். இப்படி இருக்கிற ஒருவர் ஆசையாக ஒரு தடித்த தமிழ் நாவலை எடுத்து, இருபதாம் பக்கத்தில் மூச்சு முட்டி வைத்துவிட்டால், அந்த நாவலோடு விஷயம் முடிவதில்லை. "தமிழ்ல படிக்கிறதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அந்த முடிவை மாற்ற அப்புறம் பத்து வருஷம் ஆகலாம். அதனால் எங்கே தொடங்குவது என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிப்போம்.

முதலில், இது என்ன?

வெண்முரசு என்பது வியாச பாரதத்தைத் தழுவி ஜெயமோகன் எழுதிய நாவல் வரிசை. அவர் 1962-ல் பிறந்தவர், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பெயர் புதிதாக இருந்தால், 2022-ல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கு வசனம் எழுதியவர் என்று சொன்னால் பிடிபடும். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, ஆறரை ஆண்டுகள், தினம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் இணையத்தில் வெளியிட்டார். முதல் நாவல் ‘முதற்கனல்’, கடைசி நாவல் ‘முதலாவிண்’. மொத்தப் பக்கங்கள் இருபதாயிரத்தைத் தாண்டும்.

அவர் எழுதிய வேகத்திலேயே நாமும் படித்தால்? இன்று முதல் செமஸ்டரில் சேர்கிற ஒருவர் பொறியியல் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ரெண்டு வருஷம் கழித்துத்தான் முடிப்பார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இத்தனை நாள் கூட வரப்போகிற ஒன்றை எங்கே தொடங்குகிறோம் என்பதில் அக்கறை வேண்டும், அவ்வளவுதான்.

கதை தொடங்கும் இடமும் நாம் தொடங்கும் இடமும்

"ஒண்ணாம் நம்பர் புத்தகம்னு ஒண்ணு இருக்கே, அதை எடுத்தா போச்சு" என்று தோன்றும். பெரிய கற்பனை நாவல் வரிசைகளை வைத்திருக்கும் எல்லா மொழிக்காரர்களும் இதே குழப்பத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

டோல்கீனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி ஹாபிட்’ 1937-ல் வந்தது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 55-ல் வந்தது. அந்த உலகம் படைக்கப்பட்ட கதையைச் சொல்கிற ‘தி சில்மரில்லியன்’ அவர் இறந்த பிறகு 1977-ல் வந்தது. கதைப்படி பார்த்தால் சில்மரில்லியன்தான் முதல். ஆனால் புதிதாக வருகிற ஒருவருக்கு அதை யாரும் கையில் கொடுப்பதில்லை. ஹாபிட்டைத்தான் கொடுப்பார்கள். டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் 41 நாவல்கள். 1983-ல் வந்த முதல் நாவலைத் தள்ளி வைத்து, 1989-ல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில் தொடங்கச் சொல்கிற வாசகர்கள் நிறைய பேர்.

இவ்வளவு தூரம் போவானேன்? மகாபாரதமே அப்படித்தான். சௌதி நைமிசாரண்யத்துக்கு வருகிறார், அங்கே இருக்கும் முனிவர்களுக்குக் கதை சொல்கிறார். அவர் சொல்வது ஜனமேஜயனின் சர்ப்ப வேள்வியில் தான் கேட்ட கதை. ஜனமேஜயன் யார்? அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன்! போர் முடிந்து, எல்லாரும் போய்ச் சேர்ந்து, மூன்று தலைமுறை கழித்துத்தான் கதையே தொடங்குகிறது.

நம் முன்னோரும் ஆதி பருவத்திலிருந்து வரிசையாகப் போனவர்கள் கிடையாது. தெருக்கூத்தில் ஒரு ராத்திரி ‘கர்ண மோட்சம்’, இன்னொரு ராத்திரி ‘பதினெட்டாம் போர்’. எந்தக் கதையை அன்று ஆடுகிறார்களோ அதுதான் பார்க்கிறவருக்கு வாசல். பாரதம் பல வாசல் உள்ள வீடு. நமக்குத் தெரிய வேண்டியது, எந்த வாசல் படி நம் காலுக்கு எட்டும் என்பது.

ரெண்டு அளவுகோல்

பொறியியல் படிக்கிறவர்களுக்கு ‘முன்பாடம்’ என்ற விஷயம் தெரியும். கணிதம் ஒன்று தேறாமல் கணிதம் ரெண்டுக்குப் பதிய விடமாட்டார்கள். ஆனால் முன்பாடமே தேவைப்படாத பாடங்களும் பட்டியலில் இருக்கும். வெண்முரசும் இதே மாதிரிதான். உங்களுக்கு எது சரி என்று பார்க்க ரெண்டு கேள்வி போதும்.

ஒன்று: தமிழை எவ்வளவு வேகமாகப் படிக்கிறீர்கள்? ஏதாவது ஒரு தமிழ் நாளிதழில் அரைப் பக்கச் செய்தியை எடுத்துப் படித்துப் பாருங்கள். நிற்காமல் போக முடிகிறதா, எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறதா?

ரெண்டு: பாரதத்தில் யாருடைய கதை ஏற்கனவே உங்கள் மனசில் இருக்கிறது? சிவாஜி நடித்த ‘கர்ணன்’ (1964) பார்த்து அழுதிருப்பீர்கள். தொலைக்காட்சியில் 2013 வாக்கில் ஓடிய ‘மகாபாரதம்’ தொடரைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். கர்ணனா, பாஞ்சாலியா, ஏகலைவனா, பீமனா? அந்த ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல்: எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு

வெண்முரசை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதே எழுத்தாளரின் ‘பனிமனிதன்’ இருக்கிறது, சிறுவர்களுக்காக எழுதிய நாவல். இமயமலைப் பனியில் ஒரு பெரிய காலடித் தடம், அதைத் தேடிப் போகிற பயணம். சின்னச் சின்ன வாக்கியங்கள். இருபது வயசில் சிறுவர் நாவலா என்று கூச்சப்படாதீர்கள். ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் படிக்கும்போது யாரும் கூச்சப்படுவதில்லையே!

கற்பனைக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு ‘அறம்’ சிறுகதைத் தொகுப்பு. உண்மையாக வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதிய கதைகள். ‘யானை டாக்டர்’, ‘சோற்றுக்கணக்கு’ இந்த ரெண்டையும் முதலில் படியுங்கள். ‘சோற்றுக்கணக்கு’ திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்திய கெத்தேல் சாகிப் பற்றியது. சாப்பிட்டவர் உண்டியலில் போடுவதுதான் காசு, யார் எவ்வளவு போட்டார் என்று அவர் பார்ப்பதே இல்லை. கதை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேச முடியாது. ஒரு தமிழ்க் கதை நம்மை அப்படி உட்கார வைத்துவிட்டால், அடுத்ததைத் தேடி நாமே போவோம்.

பாரதக் கதையே தெரியாது என்றால், இதோடு ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’. ஒரே நூல், எளிய நடை. யார் யாருக்கு என்ன உறவு என்பது அதில் தெளிவாகிவிடும்.

ரெண்டாம் வாசல்: ஓரளவு சரளமாகப் படிப்பவர்களுக்கு

நீங்கள் தாராளமாக ‘முதற்கனல்’ எடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதன் முதல் பகுதி, மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்குச் சொல்லும் படைப்புக் கதையில் தொடங்கி, ஜனமேஜயனின் வேள்விக்குப் போகும். முதல் சில அத்தியாயங்கள் கனவு மாதிரி இருக்கும். "ஒண்ணும் புரியலையே" என்று இங்கேதான் பலர் வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். அஸ்தினபுரிக்குள் கதை நுழைந்த பிறகு பீஷ்மர் வருவார், காசி நாட்டு இளவரசி அம்பை வருவாள். சால்வனும் ஏற்காமல், பீஷ்மரும் ஏற்காமல் அம்பை தனியாக நிற்கிற இடம் வந்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டீர்கள். முதல் கனல் அவள்தான். குருக்ஷேத்திரத்தில் எரியப்போகும் நெருப்பின் முதல் பொறி ஒரு பெண்ணுக்கு நடந்த அநீதி என்று நாவல் சொல்கிறது.

ஏறத்தாழ ஐம்பது அத்தியாயம். நாளுக்கு ஒன்று என்றால் ரெண்டு மாசத்துக்குள் முடியும், ஒரு செமஸ்டருக்குள் தாராளமாக அடங்கும்.

மூன்றாம் வாசல்: ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வருபவர்களுக்கு

மனசில் ஒரு பெயர் இருக்கிறவர்கள் அந்தப் பெயர் வழியாகவே வரலாம்.

ஏகலைவன், துரோணர், சின்ன வயசுக் கர்ணன் இவர்களில் யாராவது என்றால், மூன்றாவது நாவலான ‘வண்ணக்கடல்’. தமிழ் நிலத்திலிருந்து கிளம்பி அஸ்தினபுரியைப் பார்க்கப் போகும் இளநாகன் என்ற இளைஞனின் பயணமும், பாண்டவர் கௌரவர்களின் இளமைக் காலமும் மாறி மாறி வரும். தெற்கிலிருந்து போகிற ஒரு தமிழ்ப் பையனின் கண்ணால் பாரத நாட்டைப் பார்ப்பது நமக்கு ரொம்பப் பொருத்தம். பாட்டன் பூட்டன் காலத்தில் கடல் கடந்து வந்த குடும்பங்கள் நாம். ஊர் ஊராகப் போகிறவனின் ஆச்சரியமும் தனிமையும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பீமன் என்றால் ‘பிரயாகை’. அரக்கு மாளிகைக்குப் பிறகு காட்டில் இடும்பியைச் சந்திக்கும் பகுதி அதில் இருக்கிறது. பாஞ்சாலியின் சுயம்வரமும் இதில்தான்.

வளர்ந்த கர்ணன் என்றால் ‘வெய்யோன்’. ஆனால் முன்பாடமாக ‘வண்ணக்கடல்’ படித்துவிட்டுப் போனால்தான் அவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பது உறைக்கும்.

தனிக்கதையாக ஒன்று வேண்டும் என்றால் ‘நீர்க்கோலம்’. பாண்டவர்கள் விராட நாட்டில் மறைந்து வாழும் காலமும், நளன் தமயந்தி கதையும் சேர்ந்து வரும். அரசனாக இருந்தவன் சமையல்காரனாக வாழ்வது எப்படி என்ற ஒரே கேள்வியை ரெண்டு கதையும் கேட்கும். ஊரை விட்டு வேறு இடத்தில் வேலை பார்க்கிற அண்ணன்மார்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியவை

‘நீலம்’ மெலிந்த புத்தகம், ராதையும் கண்ணனும் பற்றியது. அளவைப் பார்த்து "இது சின்னதா இருக்கே" என்று பலர் கை வைப்பார்கள். மொத்த வரிசையிலும் கவிதைக்கு மிக நெருக்கமான நடை அதில்தான். பழகின பிறகு தேன், முதலில் எடுத்தால் சுவர்.

‘இமைக்கணம்’ கீதையை ஒட்டியது. கீதை வகுப்புக்குப் போகிறவர்கள் இதில் தொடங்க ஆசைப்படுவார்கள். கேள்வி கேட்கிறவர்களின் வாழ்க்கை தெரிந்தால்தான் கிருஷ்ணன் சொல்லும் பதிலின் கனம் தெரியும். பத்து நாவல் கழித்து வாருங்கள்.

பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை போர் நாவல்கள். தொலைக்காட்சியில் போர்க் காட்சியைத் தேடிப் பார்க்கிற மாதிரி நேராக இங்கே போகாதீர்கள். சாகிறவர்கள் யார் என்று தெரியாமல் போரைப் படித்தால் அது வெறும் பெயர்ப் பட்டியல்.

1997-ல் வந்த ‘விஷ்ணுபுரம்’ இந்த வரிசைக்கு வெளியே உள்ள தனி நாவல், ஒரு கற்பனைக் கோயில் நகரத்தைப் பற்றியது. மூன்று பாகம், நிறைய தத்துவ விவாதம். அதையும் ரெண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

"மூலத்துல இப்படி இல்லையே?"

இதை வட்டத்தில் பெரியவர்கள் நிச்சயம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உதாரணமாக, அம்பை தீயில் இறங்கி சிகண்டியாக மறுபிறவி எடுத்தாள் என்று நாம் கேட்டிருக்கிறோம். முதற்கனலில் அம்பை வளர்க்கும் ஒரு பிள்ளை அவளுடைய வஞ்சினத்தை வாங்கிக்கொள்கிறது.

வெண்முரசு ஒரு நாவல். பாராயண நூலாக அதை யாரும் முன்வைக்கவில்லை. ஆனால் மாற்றிச் சொல்வது தமிழில் புதுசும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவமாகச் சுருக்கித் தமிழில் தந்தார். பெரிய எழுத்துப் புத்தகங்களில் வந்த ‘அல்லி அரசாணி மாலை’யில் அர்ச்சுனன் மதுரையை ஆளும் அல்லியை மணக்கிறான். வியாசரிடம் அல்லி ஏது? அப்படியும் நம் பாட்டிகள் அந்தக் கதையைக் கேட்டார்கள், கோயிலில் பாரதமும் கேட்டார்கள், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. நாமும் அதே தெளிவோடு படிக்கலாம். வித்தியாசம் தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மூலத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு நாவல் நம்மை மூலம் வரைக்கும் கூட்டிப் போனால் நல்லதுதானே.

படிக்கும் முறை

சொல் தடுக்கும். வடசொற்களைக் குறைத்து, பழைய தமிழ்ச் சொற்களை எடுத்துப் புழங்கும் நடை இது. முதலில் இந்த ஏழெட்டைத் தெரிந்துகொண்டால் பாதித் தடை நீங்கும். சூதர்: தேரோட்டிகள், கதை பாடுபவர்கள். சேடி: பணிப்பெண். அணுக்கன்: கூடவே இருக்கும் நம்பிக்கையான ஆள். ஏவலன்: வேலையாள். புரவி: குதிரை. மைந்தன்: மகன். அவை: சபை. இளைய யாதவர் என்று வந்தால் அது கிருஷ்ணன்.

பெயர் குழப்பும். ஒரே ஆளுக்கு நாலு பெயர். அர்ச்சுனன், பார்த்தன், விஜயன், தனஞ்சயன் எல்லாம் ஒருவரே. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு குடும்ப மரம் வரைந்து வைத்து, புதுப் பெயர் வர வர எழுதிக்கொண்டே போங்கள்.

மிக முக்கியமானது: வாய்விட்டுப் படியுங்கள். சிலிபின், புந்தோங் பக்கம் வளர்ந்த நம்மில் பலருக்குக் காது தமிழில் கெட்டி, கண்தான் பின்தங்கிவிட்டது. கண்ணுக்குப் புரியாத வாக்கியம் காதில் விழுந்தால் சட்டென்று புரியும். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், எழுத்துத் தெரிந்த ஒருவர் ராத்திரியில் உரக்கப் படிப்பாராம், லயத்தில் இருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பாரதம் முழுக்கத் தெரியும். நமக்கு எழுத்தும் தெரியும், புத்தகமும் கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. சுற்றி உட்கார நாலு பேர் சேர்வதுதான் பாக்கி.

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க, ஒருவர் புரியாத சொல்லைக் குறிக்க. அடுத்த அத்தியாயத்தில் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்த புத்தகத்துக்குப் பத்து அத்தியாயம் வரை வாய்ப்பு கொடுங்கள். பத்துக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால், தாராளமாக வேறு வாசலுக்குப் போங்கள். வாசல் மாறினால் குற்றமில்லை, வாசலிலிருந்தே திரும்பிப் போவதுதான் நஷ்டம்.

வட்டத்தில் பேச

1. பாரதத்தில் உங்கள் மனசில் இருக்கும் ஆள் யார்? அவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள்: படத்திலா, கோயிலிலா, வீட்டில் யாராவது சொன்ன கதையிலா?

2. அம்பைக்கு நடந்ததற்கு யார் பொறுப்பு? பீஷ்மர், சால்வன், காசி மன்னன் மூவரின் பக்கத்தையும் ஆளுக்கு ஒருவராக எடுத்துப் பேசுங்கள்.

3. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவருக்குத் தெரிந்த ஒரு பாரதக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் படித்ததிலிருந்து எங்கே மாறுகிறது என்று குறித்து வாருங்கள்.

4. இந்த வாரத்துக்குள் உங்கள் வாசலைத் தேர்ந்தெடுத்து, முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். ஒரு மாசம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். எண் குறைந்திருக்கும்.